ஸ்கேன் தேதியும் விலக்குத் தேதியும்

அடினோமயோசிஸாக இருக்கலாம் என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார் டாக்டர். குறித்த நாளில் மாதவிடாய் வந்துவிடும்போல. போகலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

போனால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனாலும் ஸ்கேன் சென்டருக்கு போன் போட்டு, விலக்கு முடிந்த பிறகு ஒரு தேதி வாங்கிக்கொள்ளுங்கள். கர்ப்பப்பை மாதம் முழுக்க ஒரே முகம் காட்டாது. அதன் உள்வரி, விலக்கு முடிந்த கையோடு மெல்லிசாக இருக்கும். அடுத்தது நெருங்க நெருங்கத் தடிக்கும். அதை ஒட்டிய தசை, எம்.ஆர்.ஐ.யில் கறுப்புப் பட்டையாகத் தெரியும். டாக்டர் அளப்பது அதைத்தான். அடினோமயோசிஸ் என்றால் உள்வரி அந்தத் தசைக்குள் வளர்வது; பட்டை 12 மி.மீ.யைத் தாண்டினால் அந்தச் சந்தேகம் வலுக்கும். விலக்கு நாட்களில் கர்ப்பப்பை சுருங்குவதால், அந்தப் பட்டை சும்மாவே தடித்துத் தெரியலாம். இல்லாத நோயை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்? ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் உள்வரி மெலிந்து தெரியும். அதையும் கடைசி விலக்குத் தேதியையும் அங்கே சொல்லிவிடுங்கள்.