அணை அடி தெரிந்த ஊருக்கு மழையை எப்படிச் சொல்வது?

கேள்வி: சென்னிமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் மகளிர் குழு ஊக்குநராக இருக்கிறேன். பருவநிலை மாற்றம் பற்றி எங்கள் ஊரில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம். பனிமலை உருகுவதும் கடல் மட்டம் ஏறுவதும் படமாக ஓடின. ஜனங்கள் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, "மழ பேஞ்சாச் செரிங்க" என்று எழுந்து போய்விட்டார்கள். மானாவாரிக் காடு, ஆடு, தறி, இதுதான் இங்கே பிழைப்பு. இவர்களுக்கு எப்படிச் சொன்னால் காதில் ஏறும்?

– ஒரு வாசகி

பதில்: அம்மிணி, உங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியாமல் இல்லை. அந்தக் கூட்டத்தில் சொன்ன எதை வைத்தும் அவர்களால் நாளைக் காலை ஒரு முடிவு எடுக்க முடியாது. அதனால்தான் எழுந்து போனார்கள்.

உங்கள் பக்கத்து டீக்கடையில் "பவானிசாகர்ல இன்னைக்கு எத்தனை அடி?" என்று கேட்டுப் பாருங்கள். பேப்பர் படிக்காதவர்கூட பதில் சொல்வார். அணையின் நீர்மட்டம் மொத்தம் 105 அடி, வரத்து எவ்வளவு, கீழ்பவானி வாய்க்காலில் இந்தத் தடவை நன்செய்க்குத் தண்ணீர் ஒற்றைப்படை மதகுக்கா இரட்டைப்படை மதகுக்கா என்பதெல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். இதற்காக யாரும் அவர்களைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தவில்லை. நாற்று விடலாமா வேண்டாமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது, அதனால் தினமும் விசாரிக்கிறார்கள். மழைச் சேதியும் வெயில் சேதியும் உங்கள் ஊரில் இப்படி விசாரிக்கப்படும் சேதியாக வேண்டும். உங்கள் வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வானிலை ஆலோசனை செவ்வாய், வெள்ளி என்று வாரம் இரண்டு முறை வருகிறது. கோபி மைராடா வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரிக்கலாம். ஆனால் வந்ததை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள். "ஈரோடு மாவட்டத்தில் மழை" என்றால் தாளவாடி மலையில் பெய்வதும் அதில் சேர்த்திதான். கொடுமுடிக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு உங்களைத் திட்டுவார். "25 மில்லிமீட்டர்" என்பதும் காட்டுக்காரருக்கு வெறும் எண். ஒரு ஏக்கரில் அவ்வளவு பெய்தால் ஒரு லட்சம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் லாரியில் பத்து லோடு என்று சொல்லிப் பாருங்கள். அவர்களே அதை "உழவு மழை"க் கணக்கில் பேச ஆரம்பிப்பார்கள்.

பள்ளிக்கூடத்திலோ ரேசன் கடைப் பக்கத்திலோ ஒரு மழைமானி வைத்து, தினமும் பெய்ததைப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். அதன் பக்கத்திலேயே முன்னறிவிப்பு என்ன சொன்னது என்றும் இருக்கட்டும். 60 விழுக்காடு வாய்ப்பு என்றால் பத்துத் தடவையில் நாலு தடவை பெய்யாமலும் போகும். அதை விதைப்புக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பொய்த்த நாளையும் மறைக்காமல் எழுதுகிற பலகையை ஊர் நம்பும்.

இந்த நம்பிக்கை என்ன செய்யும் என்பதற்குப் புதுச்சேரியில் கண்கூடான உதாரணம் இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராம அறிவு மையங்கள் நடத்தியது. வீராம்பட்டினத்தில் கடலலை எவ்வளவு உயரம் என்று ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து சுனாமி எச்சரிக்கை போனில் வந்தது. அந்த ஊர் மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்ததும் ஜனங்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். அன்றாடம் கேட்டுப் பழகிய குரல் என்பதால்தான் அந்த நிமிஷத்தில் யாரும் சந்தேகப்பட்டு நிற்கவில்லை என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "தகவமைப்பு" என்று நாம் புதிதாகக் கொண்டுபோகிற பல விஷயம் உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. காங்கயம் பக்கத்துக் கொரங்காடு என்கிற மேய்ச்சல் காட்டைப் பாருங்கள். முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுவே வெள்வேல மரம். குறைந்த மழையில் கால்நடையைக் காப்பாற்ற அந்த மண்ணின் மனிதர்களே வளர்த்தெடுத்த ஏற்பாடு அது. 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டதே, அந்த வருஷத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று உங்கள் குழுப் பெண்களிடம் கேளுங்கள். யார் ஆட்டை விற்றார், யார் சோளத்தட்டுப் போர் வைத்திருந்ததால் விற்கவில்லை, யார் வட்டிக்கு வாங்கினார் என்று வந்து விழும். அடுத்த வறட்சிக்கான திட்டத்தை அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள். விதைப்பு மழையை ஆண்கள் கேட்பார்கள். தட்டு காயவைக்க எத்தனை நாள் வெயில் கிடைக்கும் என்பது பெண்களின் கேள்வி. இரண்டும் பலகையில் வர வேண்டும்.

நெசவாளர்களை மறந்துவிடாதீர்கள். பருவநிலை என்றாலே விவசாயி என்று பேசிப் பழகிவிட்டோம். மழை பிடித்தால் கஞ்சி போட்ட பாவு காயாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், கூலி நிற்கும். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே போர்வை நெய்கிறவர் படுகிற பாடு தனி. 2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. அதே ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இது எத்தனை தறிக்காரர் வீட்டுக்குத் தெரியும்? முதலில் இதைச் சொல்லுங்கள். கூரைக்கு வெள்ளை அடிப்பது, உச்சிவெயில் நேரத்தில் தறியை நிறுத்துவது எல்லாம் அடுத்து வரலாம். கூலி போகுமே என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. அதை நெசவாளர் சங்கத்திடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் எடுத்துப்போவதும் உங்கள் வேலையில் சேர்த்திதான்.

அடுத்த கூட்டத்தை மண்டபத்தில் வைக்க வேண்டாம். சித்திரையில் ஒரு மத்தியானம் இரண்டு மணிக்குத் தறிக்கூடத்திலேயே வையுங்கள், அதிகாரிகளையும் அந்த நேரத்துக்கே வரச்சொல்லுங்கள். முதல் அரைமணி நேரம் தறிக்காரர்கள் பேசட்டும்.