தண்ணீர் குடித்தால் உடம்பு குறையுமா?

மாதர் சங்கக் கூட்டங்களில் உடல் நிறை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கருத்துக்களை நாம் கேட்கிறோம். "பாதர், பச்சைத் தண்ணி குடிச்சாலும் எனக்கு உடம்பு வைக்குது" என்பார் ஒரு தாய். பக்கத்தில் இருப்பவரோ, "இல்லையக்கா, காலமை வெறும் வயித்தில ரெண்டு போத்தல் தண்ணி குடிச்சா கொழுப்பெல்லாம் கரைஞ்சு போகும்" என்பார். இருவரும் ஒரே கிணற்றில் அள்ளுபவர்கள். அந்தத் தண்ணீரே ஒருவருக்குக் கொழுப்பாகவும் மற்றவருக்கு மருந்தாகவும் தெரிகிறது.

இதை வெறும் பேச்சு என்று விட்டுவிட முடியாது. நாம் பணிபுரியும் கிராமம் ஒன்றில் ஐம்பது வயதை எட்டிய தாய் ஒருவர் நீரிழிவுக்குக் குளிசை எடுத்து வந்தார். நிறையைக் குறைக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. எப்படிக் குறைப்பது என்று எவரும் விளக்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு, மத்தியானச் சோற்றை விட்டுவிட்டு அதற்குப் பதிலாகத் தண்ணீர் குடித்தார். குளிசையை மட்டும் வழமைபோல எடுத்தார். நான்காம் நாள் மிளகாய்த் தோட்டத்தில் மயங்கி விழுந்தார். அயலவர்கள் சீனித் தண்ணீர் பருக்கி, ஓட்டோவில் ஏற்றிச் சென்று காப்பாற்றினார்கள். குளிசை குருதியிலுள்ள சீனியைக் குறைத்துக்கொண்டிருக்க, அதை ஈடுசெய்ய உணவு உள்ளே போகவில்லை. எமது கருத்தரங்குகளிலும் "உடம்பைக் குறையுங்கோ" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்ட நாட்கள் உண்டு. அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

தண்ணீர் கொழுப்பாக மாறுமா?

மாறாது. உணவு தரும் சக்தியைக் கலோரியில் அளக்கிறோம். ஒரு கிராம் சீனியில் 4 கலோரியும், ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரியும் உண்டு. தண்ணீரில் ஒன்றுமே இல்லை. செலவழியாத சக்திதான் கொழுப்பாகச் சேரும். சக்தியே இல்லாத பொருள் கொழுப்பாக மாற வழியில்லை.

ஆனாலும் தராசு நம்மை ஏமாற்றக்கூடும். ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. இரண்டு போத்தல் குடித்துவிட்டுத் தராசில் ஏறினால் முள் கூடக் காட்டும். நாள் முழுவதும் வெயிலில் வேர்த்துவிட்டு ஏறினால் குறைத்துக் காட்டும். இரண்டிலும் கொழுப்பு அசையவில்லை. கிளினிக்குக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிக்காமல் போகும் சிலரை நாம் அறிவோம். அவர்கள் குறைத்துக் காட்டுவது நீரை மட்டுமே. வாரத்துக்கு ஒரு தடவை, காலையில், சாப்பிடுமுன் நிறுப்பதே சரியான முறை.

கொழுப்பைக் கரைக்குமா?

அதுவும் இல்லை. 2003 ஆம் ஆண்டு ஜேர்மனியின் பேர்லின் நகரில் 14 பேரைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று, அரை லீற்றர் தண்ணீர் குடித்தபின் உடலின் சக்திச் செலவு சிறிது நேரத்துக்கு 30 வீதம் கூடுவதாகக் கூறியது. பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகளில் அந்த அளவு காணப்படவில்லை. நாமே ஒரு கணக்குப் பார்க்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கலோரி வேண்டும். 27 பாகையிலுள்ள அரை லீற்றர் கிணற்று நீர் உடலின் 37 பாகைக்கு வர 5 கலோரி போதும். ஒரு தேக்கரண்டிச் சீனியில் இருப்பது 16 கலோரி. தண்ணீரைக் குடித்து மட்டும் கொழுப்பை எரிக்கலாம் என்பவர்கள் இந்தக் கணக்கை எண்ணிப்பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன் குடித்தால்?

இதில் ஓரளவு உண்மை உண்டு. அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 2010 இல் வெளியான ஆய்வில், 55 முதல் 75 வயது வரையான 48 பேர் 12 வாரங்கள் உணவைக் குறைத்து உண்டனர். அவர்களுள் ஒவ்வொரு பிரதான உணவுக்கும் முன் அரை லீற்றர் தண்ணீர் குடித்தவர்கள், மற்றவர்களைவிட ஏறக்குறைய 2 கிலோ கூடுதலாகக் குறைந்தனர். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 84 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2015 இல் வெளியான ஆய்வில் வித்தியாசம் 1.3 கிலோ. காரணம் எளியது. இரைப்பை நிறைந்தால் பசி சற்று அடங்கும். கை சோற்றுச் சட்டிக்கு இரண்டாம் தடவை போகாது.

ஆனால் வேர்ஜீனியாவில் இரு சாராரும் உணவையும் குறைத்தே உண்டார்கள் என்பதை மறக்கலாகாது. தண்ணீர் அதற்குத் துணை நின்றது. உணவின் இடத்தைப் பிடிக்கவில்லை. தனித் தண்ணீர் இரைப்பையை விட்டு விரைவில் இறங்கிவிடும். உணவோடு சேர்ந்த நீர் அதிக நேரம் தங்கும். இலைக்கஞ்சியும் மரக்கறி நிறைந்த சொதியும் குறைந்த கலோரியில் வயிற்றை நிரப்புவது இதனாலேயே. தேங்காய்ப் பாலைக் கெட்டியாக விட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

தேநீர்க் கோப்பையின் கணக்கு

நிறை குறைவதில் தண்ணீர் செய்யும் பெரிய உதவி, சீனிப் பானத்தின் இடத்தை அது எடுத்துக்கொள்வதே. மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். கோப்பைக்கு மூன்று கரண்டி போட்டு நாளுக்கு ஐந்து தேநீர் குடிப்பவர் எம்மிடையே அரிதல்ல. அது 60 கிராம் சீனி, 240 கலோரி. ஏறக்குறைய 180 கிராம் சோற்றில் உள்ள சக்தி அது. சோற்றைக் குறைத்துவிட்டேன், இன்னும் உடம்பு குறையவில்லையே என்று கவலைப்படுபவர், அந்தச் சோற்றைக் கோப்பையில் குடித்துக்கொண்டிருக்கிறார். நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவர் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் அறிவுறுத்தியது.

கடைக் குளிர்பானமும் அப்படியே. 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் போத்தல்களில் நிறக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி உண்டு என்று பொருள். அத்தகைய 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமுக்கு மேல், அதாவது 11 கரண்டிக்கு மேல், சீனி இருக்கும்.

ஆகவே எமது ஆலோசனை சிறியது. தேநீருக்கு வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் சீனியைக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும். ஐந்து கோப்பையில் இரண்டைத் தண்ணீராக மாற்றுங்கள். விருந்தினருக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கும் பழைய வழக்கத்தை மீண்டும் கொண்டுவாருங்கள்.

நல்ல தண்ணீர் எங்கே?

"தண்ணி குடியுங்கோ" என்பது இலகு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிகளிலும் பல கிணறுகள் உவர். "அந்தத் தண்ணி வாயில வைக்க ஏலாது பாதர், சீனி போட்டுத் தேத்தண்ணியாத்தான் இறக்கலாம்" என்று ஒரு சகோதரி சொன்னபோது நாம் பதிலின்றி நின்றோம். அவருடைய நிறைக்கு வாயடக்கமின்மை காரணமல்ல. நன்னீர் இல்லாமையே காரணம். மலசலகூடம் இல்லாத தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் நாள் முழுவதும் தாகத்தை அடக்கிக்கொள்வதும் இதே வகையானது.

உவரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. மழைநீர் ஒரு வழி. 5,000 லீற்றர் தாங்கி ஒன்று, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு 2 லீற்றர் வீதம் 500 நாட்களுக்குக் குடிக்கப் போதும். முதல் மழையை வெளியே விட்டு, தாங்கியை மூடி, குடிக்குமுன் கொதிக்கவைக்க வேண்டும்.

அளவும் எச்சரிக்கையும்

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் அளவு இல்லை. வயலில் நிற்பவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் தேவை வேறு. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதியளவு குடிக்கிறீர்கள். கடும் மஞ்சளானால் இன்னும் குடியுங்கள். ஆனால் குறுகிய நேரத்தில் பல லீற்றர் குடிப்பது குருதியிலுள்ள உப்பை ஐதாக்கி உயிரையே பறிக்கலாம். 2007 இல் கலிபோர்னியாவில் தண்ணீர் குடிக்கும் போட்டி ஒன்றில் பங்குபற்றிய தாய் ஒருவர் இவ்வாறு இறந்தார். சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவை மீறலாகாது. நீரிழிவுக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் ஒரு வேளை உணவையும் விடக்கூடாது. குடித்தும் அடங்காத தாகம் இருந்தால் குருதியில் சீனி கூடியிருக்கலாம், உடனே பரிசோதியுங்கள்.

மயங்கி விழுந்த அந்தத் தாய் இன்று மூன்று வேளையும் சாப்பிடுகிறார். சோற்றின் பாதியை மரக்கறியாக்கி, தேநீரை வெறுமையாகக் குடித்து, தோட்டத்துக்கு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோகிறார். நிறை மெல்லமாகக் குறைகிறது. மெல்லக் குறைவதே நிலைக்கும்.

குழுக்களில் கலந்துரையாட:

1. எமது வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ சீனி முடிகிறது? ஆளுக்கு, நாளுக்கு எத்தனை கரண்டி?
2. எமது கிராமத்தில் குடிக்கத்தக்க நீர் எத்தனை வீடுகளுக்கு எட்டும் தூரத்தில் உண்டு? அதைச் சுமப்பவர் யார்?
3. கூட்டங்களிலும் சிரமதானங்களிலும் இனிப்புப் பானத்துக்குப் பதிலாக நாம் எதைப் பரிமாறலாம்?