சக்கரத்தின் உயிர் காற்று

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. காருக்கோ அச்சாணியோடு காற்றும் வேண்டும். 1888-ஆம் ஆண்டு ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அத்தகைய டயரில் வண்டியின் பாரத்தைப் பெரிதும் சுமப்பது ரப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்றே. இதை நான் கற்றது வகுப்பறையில் அன்று, கிளியனூர்ச் சாலையில்.

சென்ற பங்குனியில், "வெயிலில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும், குறைத்தே வையுங்கள் மாமா" என்றேன். பௌதிகம் படிப்பவன் சொல்கிறானே என்று மாமாவும் நம்பினார். சித்திரையில் ஒரு திருமணத்திற்காகத் திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு ஐவர் புறப்பட்டோம். கிளியனூர் அருகே பின்சக்கர டயர் வெடித்தது. மாமா பிரேக்கை அழுத்தவில்லை. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, வேகம் தானே தணிந்தபின் ஓரம் கட்டினார். உயிர் பிழைத்தோம்.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்குச் சென்றோம். கிழிந்த டயரின் உட்புறத்தைத் தடவிய பெரியவரின் கையில் ரப்பர் பொடியாக உதிர்ந்தது. "தம்பி, இது காத்து கூடி வெடிக்கல, காத்து குறைஞ்சு வெடிச்சது" என்றார்.

உண்மை அதுவே. 33 பவுண்டு காற்றுள்ள டயர் 27 டிகிரியிலிருந்து 57 டிகிரி செல்சியசுக்குச் சூடேறினால், அழுத்தம் ஏறத்தாழ 38 பவுண்டு ஆகும். அதைத் தாங்கும்படியே நல்ல டயர் செய்யப்படுகிறது. காற்று குறைந்தாலோ, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மிகுதியாக மடங்கி நிமிர்கிறது. அதனால் பிறக்கும் வெப்பம் ரப்பரையும் உள்ளிழைகளையும் நலியச் செய்கிறது.

ஆகவே, ஓட்டுநர் கதவருகே குறித்துள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றடைக்க வேண்டும். பயணத்தின் நடுவே, சூடான டயரிலிருந்து காற்றை இறக்கலாகாது. இரு வாரத்திற்கொரு முறை ஸ்டெப்னியையும் சேர்த்துச் சோதிப்பது நன்று. காரின் டயர்ப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. தேய்ந்த டயர் மழைநீரை வெளியேற்றாது வழுக்கும். பக்கச்சுவரில் 2319 என்றிருந்தால், அது 2019-இன் 23-ஆம் வாரத்தில் செய்தது. வயதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

வெப்பத்தால் அழுத்தம் கூடும் என்ற விதியை நான் அறிவேன், அதற்கப்பால் சிந்திக்கவில்லை. மாமா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பாடத்தைப் பாதியிலே நிறுத்தாதடா" என்றார். நண்பர்களே, அரைப் படிப்பும் அரைக் காற்றும் நடுவழியில்தான் கைவிடும்.