‘பாத்துத் தாங்கோ’ என்று சொல்லாதேங்கோ

கந்தன் பேரில் ஊர். கோயில் ஒலிபெருக்கியில் கே. பி. சுந்தராம்பாளின் முருகன் பாட்டைக் கேட்டே கண் விழித்தவர்கள் ஸ்கந்தபுரத்தில் நிறையப் பேர். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி தன் வேலைக்கு விலை சொன்ன விதத்தையும் ஒருக்கால் கேளுங்கோ.

இங்கே தையல் மெசினோடு ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவள் தைத்த சாறிச் சட்டையில் தோள் பொருத்து சுருங்காது. “எவ்வளவு பிள்ளை?” என்றால் மட்டும் குனிந்த தலை நிமிராமல், “பாத்துத் தாங்கோ” என்பாள். தருகிறவர்களும் பார்த்துத்தான் தருகிறார்கள், தங்கள் பையை.

சுந்தராம்பாள் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமை சின்ன வயதிலேயே நாடக மேடையில் ஏற்றியது. இலங்கைக்கும் வந்து பாடினார், நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையில் சேர்ந்ததும் இங்கேதான். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தி மேடையை விட்டு ஒதுங்கிவிட்டார். அப்போதுதான் படத்தில் நடிக்கக் கேட்டு வந்தார்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பத்தான் ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்று கதை சொல்வார்கள். வந்தவர் ‘சரி’ என்றுவிட்டார்! 1935இல் ‘பக்த நந்தனார்’ வெளிவந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பத்து மடங்கு கேட்காதேங்கோ. அந்த லட்சத்துக்குப் பின்னால் ஒலிபெருக்கி இல்லாத மேடைகளில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய வருசங்கள் இருந்தன. உங்கள் விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒரு சட்டைக்கு எத்தனை மணித்தியாலம், நூல், கொக்கி, லைனிங், கரண்ட் எவ்வளவு? ஒரு கிழமைக்குக் கொப்பியில் எழுதிப் பாருங்கோ. கணக்கு கையில் இருந்தால் குரல் தானாக நிமிரும்.

நிபந்தனை சொல்லவும் பயப்படாதேங்கோ. ஆண் நடிகரோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றார் சுந்தராம்பாள். அதனால் வாய்ப்பு இல்லாமல் போகவில்லை. அவருக்கென்றே வேறு பாத்திரங்கள் வந்தன. நந்தனாராக ஆண் வேடம், 1953இல் ஔவையார், 1964இல் ‘பூம்புகார்’ கவுந்தியடிகள். கிளிநொச்சியில் வேலைக்கு நேர்முகத்துக்குப் போகிறீர்களா? கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் அதை முதல் நாளே சொல்லுங்கோ. கூடவே, காலையில் எத்தனை மணிக்கு வர முடியும் என்பதையும். சேர்ந்த பிறகு மாதாமாதம் சாட்டுச் சொல்வதுதான் பேரைக் கெடுக்கும்.

விலையைச் சொன்னதும் வாயை மூடுங்கோ. எல்லாவற்றிலும் கஷ்டம் இதுதான். அந்த இரண்டு நிமிச அமைதி தாங்காமல், “கூட எண்டால் குறைக்கலாம்” என்று நாங்களே இறங்கிவிடுவோம்.

தங்கச்சி இப்போது பழைய கலண்டர் மட்டையின் பின்பக்கம் விலை எழுதி மெசினுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறாள். எழுத்துத்தான் கொஞ்சம் சின்னன்.