எந்தப் புத்தகம் என்று கேட்ட மகளுக்கு

பெரம்பலூர்

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ லேப்டாப்பைத் திறந்து காட்டியதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பாடத்துக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் மூன்று கோச்சிங் சென்டர்களின் நோட்ஸ், இரண்டு ஆப்களின் வீடியோ, டெலிகிராமில் வந்த பிடிஎஃப். "எல்லாம் சேர்த்துட்டேன் பெரியப்பா, எதைப் படிக்கிறதுன்னுதான் தெரியல" என்றாய். கூடவே, "ஃபர்ஸ்ட் எய்ட் புக் ஒண்ணே போதுமாம், அமெரிக்கப் பரீட்சைக்கே அதுதானாம்" என்று தோழி சொன்னதாகவும் சொன்னாய். அப்பா எதிரில் இருந்ததால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் குறை இல்லை. அதைப் படிக்கிற பிள்ளைகள் பார்க்கப்போகும் நோயாளிதான் வேறு. வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பியவர்களுக்காக, நீ எழுதப்போகும் எஃப்.எம்.ஜி.ஈ. 2002 முதல் நடக்கிறது. குன்னத்திலோ செந்துறையிலோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இந்தப் பெண்ணைத் தனியாக விடலாமா என்று பார்ப்பதற்கான பரீட்சை அது. அங்கே உன்முன் வந்து நிற்கப்போவது யார் என்று யோசித்துப் பார். புத்தகத்தை அவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த மருத்துவப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் புரட்டுவது பாம்புக்கடிப் பக்கம். நாற்பது வருஷப் பழக்கம் இது. அமெரிக்கப் புத்தகத்தில் கிலுகிலுப்பை விரியன் இருக்கும், பவளப் பாம்பு இருக்கும். நம் மக்காச்சோளக் காட்டில் இருப்பவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். முதல் இரண்டும் நரம்பைத் தாக்கும். மற்ற இரண்டும் ரத்தத்தை உறையவிடாது. கட்டுவிரியன் தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி இருக்காது, பல்தடம்கூடத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார். இமை இரண்டும் பாதி இறங்கியிருக்கும். இதைச் சொல்லித்தராத புத்தகத்தை வயிற்றுவலிக்கு நம்பினால் ஜெலுசில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாய்.

அடுத்து ஒரு கண்ணாடிக் குழாய். ரத்தத்தை உறையவிடாத அந்த இரண்டு விரியன்களில் ஒன்று கடித்ததா என்று அறிய நமக்கு லேப் வேண்டாம். சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் ரத்தம் உறையவில்லை. பிளாஸ்டிக் குழாய் உதவாது, ஏனென்றால் உறைதலைத் தொடங்கி வைப்பதே கண்ணாடியின் பரப்புதான். சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் உதவாது. இந்தக் கடைசி வரியை நான் பட்டுத்தான் படித்தேன். பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தோடு இருந்த காலம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பதினொரு வயதுப் பையன், காலில் கீறல். ரத்தம் உறையவில்லை. விஷமுறி ஊசியை ஏற்றினேன். பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, குளிர் நடுக்கம் வந்து, மூச்சு இரைத்தது. அட்ரினலின் போட்டுத்தான் மீட்டோம். மறுநாள் அவன் மாமா அடித்த பாம்பைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். சாரை. குழாய்களை முந்தின நாள்தான் சோப்புத்தூளில் அலசி அடுக்கியிருந்தார்கள். குழாயைப் பற்றிய அந்த ஒரு வரி நான் படித்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தில் இல்லை. இருந்திருந்தால் குழாயை முகர்ந்தாவது பார்த்திருப்பேன்.

நம் நாட்டு விஷமுறி இந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்தது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கு வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. அங்கே பாம்பு பிடித்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குழந்தைக்கும் பெரியவருக்கும் விஷமுறி அளவு ஒன்றுதான்; பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. பரீட்சையில் கேட்டாலும் இதுதான் விடை, வார்டிலும் இதுதான் விடை.

அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டது போலக் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடச் சொல்லும் உண்ணிக் காய்ச்சல், பருத்திக்கு மருந்து அடித்துவிட்டு வாயில் நுரையும் சிறுத்த கண்மணியுமாக வருபவர், இவர்களையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள். இந்த மூன்று பக்கமும் சரியாக இருக்கும் புத்தகம் மற்ற பக்கங்களிலும் பெரும்பாலும் ஏமாற்றாது.

இனி மார்க். மொத்தம் 300 கேள்வியில் பொது மருத்துவத்துக்கு 33, அறுவைக்கு 32, மகப்பேறுக்கு 30, சமூக மருத்துவத்துக்கும் 30. ரேடியாலஜிக்கு 5. நீ மூன்று வாரமாக ரேடியாலஜிப் படங்களையே ஓட்டிக்கொண்டிருக்கிறாய். பார்க்க அழகாக இருப்பதால் படிக்கத் தோன்றுகிறது, அவ்வளவுதான். சமூக மருத்துவத்துக்கு ஜபல்பூரிலிருந்து வரும் பார்க் இருக்கிறது. யாரும் ஆசைப்பட்டுப் படிக்காத புத்தகம். அதை நீ ஆசையோடு படிக்க வேண்டும். நம் ஊர்ச் செவிலியர் கையிலிருக்கும் தடுப்பூசிப் பெட்டியின் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஆனால் உன்னிடம் இருப்பது உன் மாமா மகன் படித்த பழைய பார்க். அதை எடைக்குப் போடு. காசநோய்க்கு வாரம் மூன்று நாள் மாத்திரை என்று அதில் இருக்கும். 2017இல் தினசரி மாத்திரைக்கு மாறிவிட்டோம், திட்டத்தின் பெயரே 2020இல் மாறிவிட்டது. கருக்கலைப்புச் சட்டம் 2021இல் திருத்தப்பட்டு, குறிப்பிட்ட சில பெண்களுக்கு 24 வாரம் வரை என்று ஆனது. மனநலச் சட்டம் 2017இல் புதிதாக வந்தது. தடயவியல் மருத்துவம் இன்னும் மோசம்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமே இல்லை, பாரதிய நியாய சன்ஹிதாதான். கொடுங்காயம் என்பதற்கு 20 நாள் என்று நாங்கள் மனப்பாடம் செய்தோம். 116ஆம் பிரிவில் இப்போது 15 நாள். அலட்சியத்தால் மரணம் 304ஏ என்று இருந்தது 106க்குப் போய்விட்டது. நாளைக்குக் காயச் சான்றிதழ் எழுதப்போவது நீதானே!

உடற்கூறியல் புத்தகம் பழையதாகவே இருக்கட்டும், சௌராசியாவில் தொடை எலும்பு இடம் மாறிவிடாது. நோயியலுக்குப் பழைய ராபின்ஸும் கெட்டுப்போகாது. எதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கலாம், எதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்ற இந்த விவேகத்தை எந்தக் கோச்சிங் சென்டரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. சொன்னால் அவர்கள் நோட்ஸ் விற்காது என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு சாமுவேல் கிரீனைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர். மானிப்பாயில் 1864 முதல் நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் முன்னால் இருந்ததும் உன் கேள்விதான்: எந்தப் புத்தகம்? பாடம் பாடமாக நூலைத் தேர்ந்து தமிழாக்கினார். அறுவைக்கு ட்ரூயிட், அது 1867இல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. உடற்கூறுக்கு கிரே, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்'. மருந்தியலுக்கு வந்தபோது, வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலைத்தான் தமிழாக்கினார். மாணவன் கைக்கு எட்டும் மருந்து அதில்தான் இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கே அது தெரிந்திருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் படித்து வெளியே வந்தார்கள்.

ஆகவே ஃபோல்டர்களை அழி. பாடத்துக்கு ஒரு புத்தகம் அல்லது ஒரு நோட்ஸ், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கொஸ்டின் பேங்க். ஒரு கேள்வியில் தப்பினால் வேறு வீடியோவைத் தேடி ஓடாமல், அதே புத்தகத்தின் அதே பக்கத்துக்குப் போய், ஓரத்தில் பென்சிலால் எழுது. மூன்றாம் தடவை படிக்கும்போது அந்த ஓரங்கள்தான் உன் நோட்ஸ். மருந்தியலுக்கு திரிபாதி, நுண்ணுயிரியலுக்கு அனந்தநாராயணன். இவற்றை நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். மற்றவற்றில் உனக்குப் புரிகிற மொழியில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள், நான் சண்டைக்கு வர மாட்டேன். பொது மருத்துவத்துக்கு ஹாரிசனை இப்போது தொடாதே. தேறிய பிறகு ஆயுசுக்கும் படிக்கலாம்.

அப்பா, "இன்னும் எவ்வளவு செலவாகும் டாக்டர்" என்று தனியாகக் கேட்டார். புதிதாக வாங்க வேண்டியவை பார்க், தடயவியல், கொஸ்டின் பேங்க் மூன்றும்தான் என்று சொல்லியிருக்கிறேன். வேறு எதற்காவது அவரிடம் பணம் கேட்டாய் என்றால் எனக்குக் கோபம் வரும்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வா. புதிய கண்ணாடிக் குழாய் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். என் கையிலிருந்தே 2 மில்லி எடு. 20 நிமிடத்தையும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்து எண்ண வேண்டும், போனை எடுக்கக் கூடாது. இன்னொரு குழாயைப் பெரியம்மா சோப்புத்தூளில் கழுவித் தருவாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா