ஒரே பெயர், ஒரே 2 ஜிபி, பாதி வேகம்

கேள்வி: உதிரிப்பாகங்கள் வாங்கி நானே ஒரு கணினி பூட்டினேன். மச்சானிடமும் என்னிடமும் இருப்பது ஒரே ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்ட். இரண்டிலும் 2 ஜிபி. அவன் வீட்டில் ஓடுகிற கேம் என் வீட்டில் பாதி வேகத்தில் தவழ்கிறது. என் கார்ட் பழுதா? ராமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கினால் சரிவருமா?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: நல்ல கேள்வி, கடைக்காரர்களே தடுமாறும் கேள்வியும்கூட. உங்கள் கார்ட் பழுதாக இருக்க வேண்டியதில்லை.

பலரும் ஜிபியை வேகம் என்று நினைக்கிறார்கள். அது கொள்ளளவு மட்டுமே. களஞ்சியத்தில் எத்தனை மூட்டை நெல் கிடக்கும் என்று அது சொல்லும். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை மூட்டை ஆலைக்குப் போகும் என்று சொல்லாது. அதைச் சொல்வது அலைவரிசை அகலம், அதாவது நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே ஒரு செக்கனில் கடக்கும் தரவின் அளவு.

ஜிடி 1030 முதலில் 2017இல் ஜிடிடிஆர்5 என்ற நினைவகத்தோடு வந்தது. இது கிராபிக்ஸுக்கென்றே செய்த வேகமான வகை. 2018இல் அதே பெயரில், சாதாரண டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்று வந்தது. இரண்டிலும் சிப்புக்குப் போகும் பாதை 64 பிட் அகலம்தான். ஆனால் முன்னதில் செக்கனுக்கு 48 ஜிபி கடக்கும், பின்னதில் 16.8 மட்டுமே. ஒரே அகலப் பாதை, ஒன்றில் லொறி, மற்றதில் மாட்டுவண்டி. உங்களுடையது வண்டிப் பாதை என்றே ஊகிக்கிறேன். ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் ‘மெமரி டைப்’ வரியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ராமைக் கூட்டினால் இது சரிவராது. கார்ட் தன் சொந்த நினைவகத்தை நம்பியே வேலை செய்கிறது. அது நிரம்பி வழிந்தால்தான் ராமிடம் வரும்; அப்போது கேம் திக்கித் திக்கி ஓடும்.

ராம் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் வேறு. ரைசன் 5 5600ஜி போல, கிராபிக்ஸும் உள்ளே அமைந்த புரொசசர் வாங்கினால் தனிக் கார்டே தேவையில்லை. ஆனால் அது ராமைத்தான் பகிர்ந்துகொள்ளும். அங்கே 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். டிடிஆர்4-3200 குச்சி ஒன்றில் செக்கனுக்கு 25.6 ஜிபி கடக்கும். இரண்டை உரிய துளைகளில் செருகினால் 51.2. இதற்கு டூவல் சனல், அதாவது இரட்டைப் பாதை என்று பெயர். எந்தத் துளைகள் என்பது மதர்போர்ட் கையேட்டில் இருக்கும்.

கல்லடிக்காரருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும் வரை மறுபக்கம் காத்து நிற்கும். 2013இல் பக்கத்திலேயே அகலமான புதுப்பாலம் திறந்தார்கள். இரு கரைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன, காத்திருப்புத்தான் போனது.

இனி வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: கார்டின் நினைவக வகை, ராம் குச்சிகளின் எண்ணிக்கை, மதர்போர்ட் ஏற்கும் தலைமுறை. டிடிஆர்5 குச்சி டிடிஆர்4 துளையில் ஏறாது. வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்திப் பார்க்க வேண்டாம்.

மச்சான் தன் கார்டை எந்த ஆண்டு வாங்கினார் என்று கேளுங்கள். 2017 என்றால், அவருடைய கெட்டித்தனம் அதில் ஒன்றுமில்லை. அப்போது கடையில் வேறு வகையே இருக்கவில்லை.