விட்டால் 3 மாதம் பொறுங்கள்

சூளூர்பேட்டை ஸ்டேஷனில் சென்னை லோக்கலுக்குக் காத்திருக்கையில் ஒரு பீடி, ஏறியதும் உதட்டுக்கடியில் கொஞ்சம் கைனி. குழந்தைக்காகவும் காத்திருப்பவரென்றால் இந்தப் பழக்கம் ஆகாது. புகையிலையிலுள்ள நிக்கோடின், காட்மியம் போன்றவை விந்தணுக்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைக்கும், அவற்றின் டி.என்.ஏ.வையும் சிதைக்கும். ‘புகைதானே கெடுதல், மெல்லுவதில் என்ன?’ என்பது வெறும் சால்ஜாப்பு. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 3 மாதம் பிடிக்கும். ஆகவே, விட்ட மறுவாரமே விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் மாற்றம் தேடாதீர்கள். பரிசோதனைக்கு மாதிரி கொடுக்குமுன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். மனைவியை மட்டும் டாக்டரிடம் அனுப்பிவிட்டு வெளியே புகைப்பவர்களும் இருக்கிறார்கள்! விட முடியவில்லையா? 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை சொல்வார்கள்.